மச்சாளுக்குக் கயிறு பிடித்தவன்

கடல் அன்று அசையவே இல்லை. அசைந்தது நான் மட்டும்.

சிலாவத்துறைக்கு வெளியே, கரை ஒரு பழுப்புக் கோடாகத் தெரிகிற தூரத்தில், மஜீது நானாவின் படகு நங்கூரம் போட்டு நின்றது. படகின் விளிம்பில் முழங்காலைக் குத்திக்கொண்டு நான். என் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறு நுனி என் மனைவியின் தங்கை ஜெசிந்தாவின் இடுப்பில். ஜெசிந்தா தண்ணீருக்கு அடியில், சங்கு தேடிக்கொண்டு.

மண்ணெண்ணெய் மணமும் முந்தின நாள் மீனின் மணமும் சேர்ந்து மூக்கைப் பிடித்தன. காலையில் நான் சாப்பிட்ட இடியப்பம் ஏற்கெனவே என்னைவிட்டுப் பிரிந்து கடலோடு கலந்திருந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. மன்னார்த் தீவில் பிறந்து, நாலு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு, தலை நரைக்கும்வரை நீந்தப் பழகாமல் தப்பிப்பது சும்மா காரியமல்ல. அதற்கும் ஒரு விடாமுயற்சி வேண்டும்.

இப்படிப்பட்டவனின் கையில் ஒரு பெண்ணின் உயிரை யார் கொடுத்தது? அவளேதான்.

காலமானவர்களே உத்தமம்

இந்தப் பத்திரிகைத் தொடரில் சில கிழமைகளாக இந்தக் கரையின் அடங்காத பெண்களைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். அவர்களுக்கு என்னைப் போல ஒரு ஆதரவாளன் கிடைக்கமாட்டான். ஒரே ஒரு நிபந்தனைதான். அவர்கள் காலமாகியிருக்க வேண்டும்.

காலமான கலகக்காரிகளிடம் உள்ள வசதி வேறு யாரிடமும் இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரமாட்டார்கள். குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அத்தான், ஒரு உதவி” என்று தொடங்கமாட்டார்கள்.

அரிப்புக் கடற்கரையில் இடிந்துபோய் நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளைக்கார ஆளுநர், முத்துக் குளிப்பைக் காவல் பார்க்கக் கட்டிய மாளிகை அது. சனங்கள் என்ன செய்தார்கள்? குதிரைமலைப் பக்கம் ஆண்களைக் கிட்ட அண்டவிடாமல் ஆண்டாள் என்று சொல்லப்படும் ராணிக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அல்லிராணி கோட்டை. ராணிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையில் எத்தனையோ நூற்றாண்டு. யார் கவலைப்பட்டது? நொத்தாரிசு இல்லாமல், முத்திரைச் செலவு இல்லாமல், ஒரு ஆளுநரின் வீடு ஒரு பெண்ணின் பெயருக்கு மாறியது இந்தக் கரையில்தான்.

அந்த ராணியைப் பற்றி எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுதி முடித்துவிட்டு, தேத்தண்ணீர் இன்னும் வரவில்லையே என்று மனைவி மீது எரிந்து விழுந்தேன்.

சுறாவின் வாயைக் கட்டியவள்

என் மனைவி ரீட்டாவின் வம்சத்திலும் ஒரு கலகக்காரி இருந்தாள். பெயர் இசபெல்லாள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

முத்துக் குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். கடல்கட்டி கரையில் வந்து உட்காராமல் ஒரு சுழியோடியும் தண்ணீரில் இறங்கமாட்டான். வள்ளங்கள் திரும்பும்வரை அவர் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

இசபெல்லாளின் புருஷன் அப்படியொரு கடல்கட்டி. குளிப்புத் தொடங்குகிற காலையில் ஆள் எழும்பவில்லை. காய்ச்சல் என்பது மனைவி வீட்டுக் கதை. சாராயம் என்பது என் ஆராய்ச்சி.

வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைக்காரத் துரை கோபத்தில் குதிக்கிறார். சுழியோடிகள் அசையவில்லை. இசபெல்லாள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் புருஷனின் மணையில் உட்கார்ந்தாள். பொம்பிளை சொன்னால் சுறா கேட்குமோ என்று கூட்டத்தில் ஒருவன் இளித்தானாம்.

“வீட்டிலை கிடக்கிற சுறாவின்ர வாயையே கட்டி வைச்சிருக்கிறன். கடலிலை நிக்கிறது என்ன பெரிசோ?”

வள்ளங்கள் போயின. சுறா வரவில்லை. பொழுதுபடும்வரை அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கடல்கட்டிக்குரிய பங்குச் சிப்பியைக் கொண்டுபோய், அதற்குள் தெளிந்து எழும்பியிருந்த புருஷனிடம் கொடுத்தார்களாம்.

“அவள் அதை அவன்ர கையிலை விட்டு வைச்சாளோ?” என்று ரீட்டாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

இந்தக் கதையை எத்தனை கலியாண வீடுகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்! அதே இரத்தம் இன்னும் இரண்டு பெண்களில் ஓடுகிறது என்பதையும், அதில் ஒருத்தியைத்தான் நான் கட்டியிருக்கிறேன் என்பதையும் யோசித்துப் பார்க்கவில்லை.

உயிரோடு இருக்கிறவள்

ஜெசிந்தாவின் புருஷன் வளைகுடாப் பக்கம் உழைக்கப் போனார். உழைக்கிறார் என்றுதான் கேள்வி. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. படிக்கிற மகளோடு ஜெசிந்தா ஊரில் நின்றுவிட்டாள். விடிய முன்னம் மஜீது நானாவின் வாடிக்கு, அதாவது படகுக்காரர் தங்கி வலையும் மீனும் வைக்கும் கடற்கரைக் கொட்டிலுக்குப் போய், வலையிலிருந்து நண்டு கழற்றுவாள். கூலியாகக் கால் உடைந்த நண்டுகளும் கொஞ்சக் காசும் வரும்.

அவளிடம் இன்னொரு வித்தை உண்டு. வலை பாரில், அதாவது கடலடிப் பாறையில் சிக்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துக் கொடுப்பாள். ஆம்பிளைகள் இரண்டு தரம் மூழ்கி ஏறி வருவதற்குள் இவள் ஒரே மூச்சில் வேலையை முடித்து வருவாள். அதற்கு அவர்கள் மனதாரக் கொடுத்த சம்பளம், “கெட்டிக்காரி.”

கெட்டிக்காரி என்ற சொல்லைக் கறி வைக்க முடியாது. எனவே அவள் படகுகளின் முதலாளியான சம்மாட்டி மஜீது நானாவிடம் போய், சங்கு குளிக்கிற படகில் தனக்கும் ஒரு இடம் வேண்டும், எல்லாச் சுழியோடிகளையும் போலப் பங்கு வேண்டும் என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து, நண்டு வாங்கலாம் என்று நான் மன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வாடியில் நின்றேன். விதி சில பேருக்கு யானை உருவில் வரும். எனக்கு நண்டு.

“தாறதிலை எனக்கொண்டும் இல்லை புள்ள,” என்றார் மஜீது நானா. தாடியைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தார். கடலில் பதில் இல்லாததால் மூத்த சுழியோடி தேவதாசனைப் பார்த்தார்.

தேவதாசன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். “இறங்கிறது பெரிய காரியமில்லை, ஜெசிந்தா. உனக்குக் கயிறு ஆர் பிடிக்கிறது?”

வாடி முழுக்கச் சிரித்தது. அது சிரிக்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் கரையில் சுழியோடிக்குக் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும். பெண்சாதியோடு கூடப்பிறந்தவன். கூடப்பிறந்த அண்ணன் தம்பி பிடித்தால், நடுக்கடலில் காணிப் பங்கு ஞாபகம் வரக்கூடும். மச்சான் விடமாட்டான். விட்டால் அவனுடைய சொந்தச் சகோதரி அல்லவா தாலியறுப்பாள்? இப்போது காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆனாலும் இந்த வாடியில் புது ஆளை முதலில் சிலிண்டர் இல்லாமல், கயிற்றோடு இறக்கித்தான் பார்ப்பார்கள். கயிற்றின் மேல் நுனியில் மச்சான் இருப்பான்.

பெண் இறங்கினால் யார் பிடிப்பது? முன்னோர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. முன்னோருக்கு வேறு வேலை இருந்தது.

“உன்ர மனுசனுக்கு ஒரு தங்கச்சிதானே,” என்றான் தேவதாசன். “அதுவும் கன்னியாஸ்திரி. மடத்திலை இருந்து கூட்டிக்கொண்டு வரப் போறியோ?”

“ஏன் தாசண்ணை, அத்தான் பிடிப்பார்.”

எந்த அத்தான் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நாய் ஒன்று படுத்திருந்தது.

“ஆர், கிளாக்கரோ?” என்றார் மஜீது நானா. நான் மன்னாரில் ஒரு கந்தோரில் கதிரை தேய்க்கிறவன் என்பதால் அங்கே எனக்கு அதுதான் பெயர். “அவருக்கு நீந்தவே தெரியாதே.”

“கயிறு பிடிக்கிறவர் ஏன் நானா நீந்தோணும்? விடாமல் பிடிச்சாச் சரிதானே.”

“விடமாட்டாரெண்டு என்ன நம்பிக்கை?” என்றான் தேவதாசன்.

“விட்டிட்டு வீட்டை போய் அக்காவின்ர முகத்திலை முழிக்கேலுமோ அவராலை?”

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ரீட்டாவை அவர்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“அது ஞாயம்தான்,” என்றார் மஜீது நானா.

இத்தனை காலம் கந்தோரில் உழைத்தும் கிடைக்காத நற்சான்றிதழ் அன்று ஒரு நண்டு வாடியில் கிடைத்தது. பெண்சாதிக்குப் பயந்தவன், எனவே நம்பத்தக்கவன்.

நோய்கள் கைவிட்ட கதை

வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சீறுவாள், தங்கச்சிக்கு என்ன விசரோ என்று கேட்பாள், நான் வருத்தத்தோடு விலகிக்கொள்வேன் என்பது திட்டம்.

“அவள் கேட்டதிலை என்ன பிழை?” என்றாள் ரீட்டா. “ஊரிலை உள்ள ராணியளைப் பற்றியெல்லாம் கிழமைக்குக் கிழமை எழுதிறியள். என்ர தங்கச்சிக்கு ஒரு கயிறு பிடிக்கேலாதோ?”

“பிரஷர் இருக்கிறவனப்பா நான்.”

“எப்ப பாத்தனீங்கள்?”

பார்க்கப் போனேன். பிரஷர் சரியாக இருந்தது. சீனி சரியாக இருந்தது. வைத்தியர் முதுகில் தட்டி, இந்த வயதில் இப்படி இருப்பது அபூர்வம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு நொந்துபோய் வெளியே வந்த சுகதேகி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பெரிய கோரிக்கை இல்லை. கொஞ்சம் காற்று, ஒரு சின்னப் புயல். தொலைந்த பொருளைத் தேடித் தருகிற புனிதர் அவர் என்பதை மறந்துவிட்டேன். எனக்குத் தொலைந்திருந்தது தைரியம். அதைத் தேடித் தரவும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

குறித்த நாள் விடிந்தது. பேசாலைப் பக்கம் காற்றாலைகளின் இறக்கைகள்கூட அசையாமல் நின்றன என்று யாரோ சொன்னார்கள். ரீட்டா என் கையில் பழைய சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினாள்.

“கயிறு வெட்டும்,” என்றாள். பிறகு முடிச்சை இறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்,” என்றாள்.

நான் மற்றக் கையையும் நீட்டினேன். அதிலும் ஒரு துண்டைச் சுற்றினாள்.

யார் நடுங்கியது?

இனிப் படகுக்கு வரலாம்.

சைகை எளிமையானது. ஒரு தரம் இழுத்தால் சுகமாக இருக்கிறேன், கயிற்றை இளக்கு. விடாமல் இரண்டு தரம் இழுத்தால் தூக்கு. இதைக் குழந்தைக்குச் சொன்னாலும் விளங்கும். எனக்கும் கரையில் நிற்கும்போது விளங்கியிருந்தது.

ஜெசிந்தா சட்டைக்கு மேல் பெனியனும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்தாள். கண்ணாடியை மாட்டி, சிலுவை போட்டு, இடுப்பில் வலைப்பையோடு இறங்கினாள். குமிழிகள் வந்தன. பிறகு குமிழிகளும் இல்லை.

கயிறு அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐயோ மாதாவே என்று அள்ளி இழுத்தேன். ஒரு ஆளை அல்ல, ஒரு மாட்டையே தூக்கியிருப்பேன். ஜெசிந்தா தலைகீழாக மேலே வந்தாள், இருமிக்கொண்டு, கண்ணாடி கழுத்தில் தொங்க.

“எதுக்கு அத்தான் இழுத்தனீங்கள்?”

“நீதானே ஆட்டினனீ!”

“நான் இன்னும் நிலத்தைக்கூடத் தொடயில்லை!”

மஜீது நானா என் கையைப் பார்த்தார். தேவதாசனும் பார்த்தான். கடைசியாக நானும் பார்த்தேன். ஆட்டியது கயிறு அல்ல. என் கை. என் நடுக்கத்தையே அவளுடைய சைகை என்று வாசித்திருக்கிறேன்.

தேவதாசன் படகின் அடிப்பலகையில் சரிந்து விழுந்து சிரித்தான். “கிளாக்கர், தொழிலுக்கு வாங்கோ. மீன் பயந்து தானாப் படகுக்குள்ளை பாயும், வலை மிச்சம்.”

இரண்டாம் தரமும் இறங்கினாள். இரண்டாம் தரமும் இழுத்தேன். இந்த முறை அவள் கை நிலத்தைத் தொட்டிருந்தது என்பது மட்டும் முன்னேற்றம். வலைப்பையில் ஒரு பிடி மண் இருந்தது.

மஜீது நானா இயந்திரத்தில் கை வைத்தார். “புள்ள, இன்னும் ஒருக்கா. அதிலையும் ஒண்டுமில்லையெண்டால் கரைக்குப் போவம். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் தோற்றுப்போய்க் கரைக்குத் திரும்பினால், கடல் அவளைத் தோற்கடித்ததாகத்தான் ஊர் சொல்லும். பொம்பிளைக்கு ஏலாது என்று இன்னும் பல வருடத்துக்குச் சொல்லும். உண்மையில் ஏலாமல் போனது ஒரு ஆம்பிளைக்கு.

ஜெசிந்தா படகின் விளிம்பைப் பிடித்தபடி மிதந்தாள். உதடு உப்பில் வெளிறியிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அத்தான்,” என்றாள் மெதுவாக. “நீங்கள் பயப்பிடுங்கோ, அது பரவாயில்லை. ஆனால் வலக்கையாலை பயப்பிடுங்கோ. கயிறு இடக்கையிலை இருக்கட்டும்.”

மூச்சை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னபடி செய்தேன். வலக்கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் இருந்த பயம் முழுவதையும் அந்தக் கைக்குள் தள்ளினேன். பலகை கடகடவென்று அடித்தது. இடக்கை சும்மா இருந்தது. சீலைத் துணிக்கு மேலே கயிறு மெல்ல நகர்வது முதல் முறையாகத் தெரிந்தது. கொஞ்சம் போகும், நிற்கும், பக்கவாட்டில் போகும். யாரோ கீழே வீட்டு முற்றத்தைக் கூட்டுகிற மாதிரி ஒரு நிதானம்.

நேரம் போனது. சிரித்துக்கொண்டிருந்த தேவதாசன் சிரிப்பை நிறுத்தினான்.

“இழுங்கோ,” என்றான்.

நான் இழுக்கவில்லை.

“கிளாக்கர், கனநேரமாப் போச்சு. இழுங்கோ!”

மஜீது நானா எழுந்து நின்று வாய்க்குள் ஓதத் தொடங்கினார். தேவதாசன் கயிற்றை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தான். அவனை நான் முழங்கையால் தள்ளினேன். வாழ்க்கையில் நான் ஒருவனைத் தள்ளியது அது ஒருமுறைதான். அவன் என்னைவிட இரண்டு மடங்கு.

“விடடா! அவள் இன்னும் கேக்கயில்லை!” என்று கத்தினேன். என் குரல் மிகவும் கீச்சென்று வந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அதை மறுக்கிறேன்.

கயிறு நின்றது. இழுத்தது. மறுபடி இழுத்தது.

இரண்டு கையாலும் அள்ளினேன். அவள் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து, வானத்தையே உறிஞ்சிக் குடிப்பது போல மூச்சு இழுத்தாள். பிறகு வலைப்பையைத் தூக்கிப் படகுக்குள் எறிந்தாள். சங்குகள் பலகையில் மோதிய சத்தம் எனக்குக் கோவில் மணியாகக் கேட்டது.

மஜீது நானா ஒரு சங்கை எடுத்து, அளவு பார்க்கிற இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. அடுத்ததும் நுழையவில்லை. வளையத்துக்குள் விழுகிற குஞ்சுச் சங்கு ஒன்றுகூட அந்தப் பையில் இல்லை. கீழே, அந்த இருட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு, பெரியதைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள்.

“காத்தில்லாத நாள்,” என்றான் தேவதாசன், கடலைப் பார்த்துக்கொண்டு. “இண்டைக்கு ஆரும் எடுக்கலாம்.”

“நீ எடுத்தியாடா?” என்றார் மஜீது நானா.

கரை

கரையில் ரீட்டா சூடான தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். முழங்காலளவு தண்ணீருக்குள் வந்து நின்றிருந்தாள். சீலை நனைந்தது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தங்கச்சி படகிலிருந்து குதித்ததும் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அந்த வீட்டில் பாசத்தை அப்படித்தான் காட்டுவார்கள். எனக்குப் பழக்கம்.

நான் படகிலிருந்து இறங்கினேன் என்று எழுத ஆசை. இறக்கினார்கள்.

அந்த வாடியில் சுழியோடியைச் சேர்ப்பதற்குக் கடதாசி, கையெழுத்து எதுவும் கிடையாது. சம்மாட்டி ஒரு கேள்வி கேட்பார். அவர் கேட்டால் ஆள் சேர்ந்தாயிற்று. கேட்காமல் நடந்து போனால், நீங்களும் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

மஜீது நானா சங்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாடியை நோக்கி நடந்தார். ஜெசிந்தா தலைமயிரைப் பிழிந்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடலுக்கு அடியில் அடக்கியதைவிட அதிக நேரம் அவள் அப்போது மூச்சை அடக்கியிருந்தாள் என்பது என் எண்ணம்.

மஜீது நானா நின்றார். திரும்பினார்.

“புள்ள, நாளைக்கு வாறியா?”

“ஓம் நானா.”

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள். நண்டு கழற்றுகிறவர்களின் கை நின்றது. அவர்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் அக்காமாரின் புருஷன்மாரை யோசனையோடு பார்க்கத் தொடங்கியதை நான் கண்டேன். அந்தப் புருஷன்மாரும் கண்டார்கள். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிக்குளம் பக்கமாக அவசரமாகப் புறப்பட்டார்.

மஜீது நானாவின் பார்வை என் பக்கம் வந்தது. “கிளாக்கர், நீங்க?”

நான் வாயைத் திறந்தேன். கந்தோரில் வேலை குவிந்து கிடப்பதையும், லீவு எடுப்பதன் சிரமத்தையும், முழங்கால் வலியையும், வைத்தியர்கள் சில வேளைகளில் தவறு விடுவதையும் எடுத்துச் சொல்ல இருந்தேன்.

“அவர் வருவார்,” என்றாள் ரீட்டா.

போத்தலைத் திறந்து, இருந்த ஒரே கோப்பையில் தேத்தண்ணீரை ஊற்றித் தங்கச்சியிடம் கொடுத்தாள். எனக்கு மூடியில்.